ஹைப்ரிட் காரின் பேட்டரி: பேக்கையே மாற்றச் சொன்னால் அளவீட்டைக் கேளுங்கள்

பழைய ஹைப்ரிட் காரில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்துவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பேட்டரி போயிடுச்சு சார், பேக்கையே மாத்தணும்." அதற்குக் கேட்கும் தொகை சுலபமாக லட்சத்தைத் தாண்டும். பணம் கட்டுவதற்கு முன், எந்த அளவீட்டை வைத்து இதைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் தொடங்கிய ஆலை, பக்கத்திலேயே டைம்லர் லாரித் தொழிற்சாலை, மத்திய அரசு அமைத்த வாகனச் சோதனை மையம் என்று கார் தொழிலின் மொத்த அறிவும் குவிந்திருக்கும் பகுதி இது. இங்கேயே பழைய ஹைப்ரிட் வைத்திருப்பவர் வாய்வார்த்தையை நம்பி லட்ச ரூபாய் கட்ட வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சிவிக் ஹைப்ரிட் இந்தியாவுக்கு வந்தது 2008-ல், பிரியஸ் 2010-ல், கேம்ரி ஹைப்ரிட் 2013-ல். இன்று அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கியவர்கள். வாரன்டி முடிந்த வண்டிகள். ஏமாற்றுவது எளிது.

இந்தக் கார்களில் பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. மோட்டாரை ஓட்டும் பெரிய பேக் ஒன்று. எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி இன்னொன்று. சின்னது சோர்ந்துவிட்டாலே கார் 'ரெடி' நிலைக்கு வராது. சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகளும் வரிசையாக எரியும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். வண்டியை நிறுத்தி வைத்த நிலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சின்னது நன்றாக இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் முதலில் அதைச் சார்ஜ் செய்து சோதிக்க வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஃபியூஸில் தொடங்கி இன்வெர்ட்டர் வரை செலவு இழுக்கும்.

அடுத்து பார்க்க வேண்டியது காற்றுவழி. பிரியஸில் பின் சீட்டின் ஓரத்தில் ஒரு சல்லடை இருக்கும். பேக்கைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் டிப்பர் லாரிகள் கிளப்பும் தூசியில் தினமும் ஓடும் வண்டியில், உள்ளே இருக்கும் ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளம் போலப் படிந்துவிடும். அதன்மேல் சித்திரை வெயிலும் சேர்ந்தால் பேக் வெந்துபோகும். பேக்கில் இருக்கும் நிக்கல் பேட்டரிக்கு வெப்பத்தைப் போல எதிரி வேறில்லை. ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சொற்பம்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஸ்கேனர். பிரியஸ் பேக்கில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. கார் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகக் கவனிக்கிறது. பி0ஏ80 என்ற எரர் கோடு வந்தால் பேக் கெட்டுவிட்டது என்று கார் கருதுகிறது என்பதே பொருள். 28 மாட்யூலும் செத்துவிட்டன என்பதல்ல. வண்டியை ஓட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்தி, 14 பிளாக் வோல்டேஜையும் திரையில் பார்க்க வேண்டும். பதின்மூன்று சேர்ந்தாற்போல் இறங்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாகச் சரிந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. அந்தத் திரையை உங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதே காரணமாக இருக்கும். பட்டையை மாற்றினாலே அளவு சரியாகிவிடும்.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றுவதும் உண்டு. ஆனால் பழைய 27-க்கு நடுவே திறன் ஒத்துப்போகாத ஒன்றைச் செருகினால் சில மாதங்களில் அடுத்தது விழும். இலங்கையில் இந்த அனுபவம் அதிகம். ஜப்பானிலிருந்து வந்த பிரியஸும் அக்வாவும் அங்கே ஏராளம்; 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பின் பழைய பேக்குகளை ரீகண்டிஷன் செய்துதான் பலர் காலம் தள்ளினார்கள். எல்லா மாட்யூல்களையும் சார்ஜ் ஏற்றி இறக்கி, திறனை அளந்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்த்தால்தான் அந்த வேலை நிற்கும்.

இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். 200 வோல்ட் நேர்மின்சாரம் ஆளை விடாது. சாவியை அணைத்து, 12 வோல்ட் இணைப்பைக் கழற்றி, பேக்கின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மாட்யூல்களுக்குள் மின்சாரம் அப்படியேதான் இருக்கும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் ஒரு பையனை அதில் கைவைக்கச் சொல்லும் கடையில் உங்கள் வண்டியை விடாதீர்கள். வெள்ளத்தில் பின் சீட் வரை மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

இனி சட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரீகண்டிஷன் செய்த பொருளைப் புதியது என்று விற்பதும், செய்த வேலைக்கு பில் தராததும் முறையற்ற வணிகம். எனவே பில்லில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: எரர் கோடு, அளந்த வோல்டேஜ், போட்டது புதியதா ரீகண்டிஷனா, எத்தனை மாத வாரன்டி. கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வெளியூரிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் கேப் உரிமையாளரும் நுகர்வோர்தான். 'கமர்ஷியல் வண்டி' என்று சொல்லி அவரைத் தட்டிக்கழிக்க முடியாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தனி மனிதரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. வியாபாரியிடம் வாங்கினால் கொடுக்கும். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா போன்ற புதிய ஹைப்ரிட்களில் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு. அவற்றை வாங்கும்போது சர்வீஸ் பதிவேட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கழற்றிய பேக்கைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பு அல்லது மறுசுழற்சி செய்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பே எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அதன் மதிப்பை உங்கள் பில்லில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.