முதியோர் இலையும் ஞாபக சக்தியும்

வயது ஏறினால் ஞாபகம் குறைவது இயற்கைதான் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் யோசியாமல் இருந்துவிடுவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. தாத்தா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடினால் சிரிக்கிறோம். பாட்டி ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நாலு தடவை கேட்டால் சலித்துக்கொள்கிறோம். முன்னது பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகக் கூடியதே, பின்னது அப்படியன்று. தினந்தோறும் போய்வந்த கோயிலுக்கு வழி தெரியாமல் நிற்பதும், ஐம்பது வருஷமாக வைத்த சாம்பாரில் புளி விட மறப்பதும், சாந்தமே உருவாக இருந்தவர் காரணமின்றிச் சீறுவதும் மூப்பின் இயல்பு அல்ல. தேகத்தில் ஏதோ ஒரு குறை இருக்கலாம் என்பதற்கு அவை அறிகுறிகள். அக்குறைகளுள் சில ஆகாரத்தைப் பொறுத்தவை. காலத்தில் கவனித்தால் நீங்கக் கூடியவை. அவற்றைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன்.

மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அதாவது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியைச் சேமித்து வைக்கப் பெரிய களஞ்சியம் ஏதும் மூளையில் இல்லை. கணந்தோறும் ரத்தம் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். ஆகவே ரத்தக் குழாய்கள் கெட்டால் மூளை பட்டினி கிடக்க நேரும். இருதயத்துக்கு ஆகாதது மூளைக்கும் ஆகாது என்பதை வைத்தியர்கள் இப்போது உறுதியாகச் சொல்லுகிறார்கள். 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கு இடந்தரும் 14 காரணங்களை 2024-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தியது. அவையனைத்தையும் அகற்ற முடிந்தால், உலகில் அந்நோய்க்கு ஆளாகிறவர்களில் நூற்றுக்கு 45 பேர் வரையில் அதனின்று தப்பவோ, அதைத் தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் கணக்கு. ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் அப்பட்டியலில் உள்ளன. இந்நான்குக்கும் நமது அடுப்பங்கரையோடு உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஞாபகத்தை வளர்க்கத் தனியாக ஓர் உணவு உண்டா? பரீட்சைக் காலம் வந்தால் பெற்றோர்கள் என்னைக் கேட்கும் கேள்வி இது. வல்லாரை லேகியமும், பிராமி எண்ணெயும், மீனெண்ணெய் மாத்திரையும் இந்த ஆசையைக் கொண்டே விலை போகின்றன. வல்லாரை நல்ல கீரை. துவையலாக அரைத்து உண்பதில் தவறில்லை. ஆனால் அது முதுமையில் வரும் மறதி நோயைத் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இதுவரை கிடைக்கவில்லை. மீன் உண்பவர்களுக்கு நன்மை தெரிந்தாலும், மீனெண்ணெய் மாத்திரையைக் கொடுத்து நடத்திய பெரிய சோதனைகள் ஏமாற்றத்தையே தந்தன.

ஒரு பொருளை விட்டு, உணவு முறை முழுவதையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற அம்மையார், கீரை, காய்கறி, பருப்பு வகை, கொட்டைகள், தவிடு நீக்காத தானியம், மீன் இவற்றை மிகுதியாகவும், வெண்ணெய், இனிப்பு, பொரித்த பண்டங்களைக் குறைவாகவும் உண்பவர்களைக் கவனித்து வந்தார். அம்முறையைச் செவ்வனே கைக்கொண்டவர்களுக்கு அல்ஸைமர் என்னும் மறதி நோய் வரும் அபாயம் நூற்றுக்கு 53 பங்கு குறைவாகக் காணப்பட்டது என்று 2015-இல் வெளியிட்டார். உலகமே மகிழ்ந்தது. ஆனால் 604 பேரை இரு பிரிவாக்கி, மூன்று வருஷம் நடத்திய சோதனையின் முடிவு 2023-இல் வந்தபோது, இவ்வுணவை உண்டவர்களுக்கும் மற்றப் பிரிவினருக்கும் ஞாபக சக்தியில் குறிப்பிடத் தக்க வித்தியாசம் தென்படவில்லை. இதற்கிடையில் பின்லாந்து தேசத்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், நல்ல உணவோடு தேகாப்பியாசம், மூளைக்குப் பயிற்சி, ரத்தக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தபோது இரண்டே வருஷத்தில் நன்மை தெரிந்தது. இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? ஆகாரம் தனியாக நின்று அற்புதம் செய்வதில்லை. நாற்பது ஐம்பது வயதிலேயே தொடங்கி, நடையோடும் வேலையோடும் சேர்ந்து, பல வருஷங்கள் தொடர்ந்தால் அது துணை செய்யக் கூடும் என்பதே.

இனி நமது இலையைப் பார்ப்போம். 1920-களில் குன்னூரில் இருந்த ஆராய்ச்சிச் சாலையில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சோறே பெரும் பங்காக உள்ள சென்னை மாகாணத்தார் ஆகாரம் கடைசியில் நின்றது. அச்சோதனை உடல் வளர்ச்சியைப் பற்றியதேயன்றி ஞாபகத்தைப் பற்றியதன்று. எனினும் அது சுட்டிக் காட்டிய குறை இன்றைக்கும் நம் வீட்டு முதியவர்களின் இலையில் இருக்கிறது. பல் போன பிறகு கடினமான காய் போகிறது. வாயு என்று பருப்பு போகிறது. ஜீரணமாகாது என்று கீரை போகிறது. எஞ்சுவது வெள்ளைச் சோறும் ரசமும் நீர்மோரும், தொட்டுக்கொள்ள ஓர் ஊறுகாய்த் துண்டுமே. வயிறு நிறைகிறது, மூளைக்கு வேண்டிய சத்துக்கள் சேருவதில்லை.

இவ்வாறு குறையும் சத்துக்களில் மிக முக்கியமானது பி 12 என்னும் ஜீவசத்து. ஒரு நாளைக்கு வேண்டிய அளவு இரண்டரை மைக்ரோகிராமுக்கு உட்பட்டதே. ஆனால் தானியம், பருப்பு, காய்கறிகளில் அது கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றிலேயே உண்டு. ஆகையால் சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே கதி. ஒரு கரண்டித் தயிரில் ஒரு செம்பு நீரைச் சேர்த்துப் பருகினால் தாகம் தீருமேயன்றி இச்சத்து போதாது. மேலும் மூப்பில் இரைப்பையின் அமிலம் குறைவதால், உண்டதிலுள்ள பி 12-ஐக் கூட உடல் சரிவர ஏற்பதில்லை. நீரிழிவுக்காகப் பலர் உண்ணும் மெட்பார்மின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்காக நெடுநாள் விழுங்கும் மாத்திரைகளும் அதை இன்னும் குறைக்கின்றன. இதற்காக அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இச்சத்து குறைந்தால் ரத்தம் சோகையாகும். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நாக்குப் புண்ணாகும், மறதியும் மனச் சோர்வும் தோன்றும். இவற்றைக் கண்டு "வயசாகிவிட்டது" என்று வீட்டார் வாளாவிருந்துவிடுகிறார்கள். ஒரு சிறு ரத்தப் பரிசோதனையில் இக்குறை தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போட்டால் பலருக்குக் குணம் காணும். நாள் கடத்தினால் நரம்புக்கு நேர்ந்த சேதம் முற்றும் மீளாது. எல்லா மறதிக்கும் இதுவே காரணம் அன்று என்பது மெய்தான். ஆயினும் தீரக் கூடிய ஒரு காரணத்தைத் தேடிப் பாராமலே தீராத நோய் என்று முடிவு கட்டுவது நியாயமாகுமா?

பி 12-க்கு உடன்பிறந்தது போன்றது கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலம். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். அதைச் செயற்கையாக ஆக்கும் முறையை 1940-களில் அமெரிக்காவில் கண்ட ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பி 12 குறைந்தவருக்கு இந்த அமிலத்தை மட்டும் மாத்திரையாகக் கொடுத்தால் சோகை மறையும், நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே வீட்டாருக்குச் சொல்வது இது. முதியவருக்குக் கீரையை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். பருப்பைக் குழைய விடுங்கள். வேர்க்கடலையைப் பொடித்துத் துவையலாக்குங்கள். பாலும் கெட்டித் தயிரும் நாள்தோறும் இருக்கட்டும். மீன் உண்ணும் குடும்பமானால் மத்தியும் கானாங்கெளுத்தியும் மலிவானவை, சிறந்தவை. அவற்றைப் பொரிப்பதிலும் குழம்பாக்குவது மேல். சோற்றைக் குறைத்துக் காயை ஏற்றுங்கள். தீட்டிய பச்சரிசியினும் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே புகுந்துகொள்கிறது. ஐந்தாறு தடவை கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அதுவும் போய்விடும். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அப்பளம், வற்றல், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அந்த அளவு எங்கே நிற்கும்? முதுமையில் தாக உணர்ச்சி மங்குவதால், கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். நீர் குறைந்தாலே சிலருக்குப் புத்தி தடுமாறும்.

கடைசியாக ஒரு விஷயம். நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைத் தனியே அமர்ந்து உண்பவள் பாட்டிதான். காய் தீர்ந்துபோனால் "எனக்கு மோரே போதும்" என்பாள். நாமும் அதை நம்பிவிடுகிறோம். நம் பிள்ளைப் பிராயத்துக் கதைகளையும், குலத்தின் பழைய செய்திகளையும் நினைவில் வைத்திருப்பவள் அவளே. நாளைக்கு அவளை முதல் பந்தியில் உட்கார வைத்து, அவள் இலையில் என்ன விழுகிறது என்று ஒரு முறை பாருங்கள்.