தேயிலை ஏலமும் லயத்து வகுப்பும்

1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கொவிட் ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதன்முறையாக இணையத்துக்கு மாறியது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பறித்த கொழுந்திலிருந்து செய்த தேயிலையின் விலையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மண்டபத்தில் கூடித் தீர்மானித்து வந்த வணிகம் அவ்வளவு விரைவில் இடம்மாற முடிந்ததற்கு அந்தக் கூடலின் இயல்பே துணைநின்றது. தேயிலை மாதிரிகள் முன்கூட்டியே வாங்குவோரைச் சென்றடைந்து, சுவை பார்ப்போர் அவற்றை மதிப்பிட்டு முடித்த பின்னரே ஏலம் நடப்பதால், ஏல வேளையில் பரிமாற வேண்டியது விலை என்னும் எண் மட்டுமே. அது எல்லோருக்கும் உடனுக்குடன் தெரிந்தால் போதும், முகங்கள் தெரிய வேண்டியதில்லை.

அதே மாதங்களில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கு இத்தகைய பொருத்தமான வழி எளிதில் வாய்க்கவில்லை. இணைய வகுப்பென்றால் முகம் பார்த்து நடத்தும் சூம் வகுப்பே என்ற எண்ணம் பரவலாக இருந்தது. குழுவாகக் காணொளியில் பேச விநாடிக்கு 600 கிலோபிட் தேவையெனக் கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 270 மெகாபைட் டேட்டா செலவாகும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு செலவன்று. பேச்சு உள்ளிட்ட ஒலியைச் சுருக்கி அனுப்புவதற்காக 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்னும் முறையோ, விநாடிக்கு 16 கிலோபிட்டிலேயே குரலைத் தெளிவாகத் தரவல்லது. அந்த அளவில் பதிந்த பத்து நிமிட விளக்கம் 1.2 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

செலவைவிடப் பெரிய தடை மலையின் அமைப்பு. கைத்தொலைபேசியின் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், கோபுரத்துக்கும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கும் இடையே ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அதன் மறுபக்கம் அலைநிழலாகிவிடுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் முகட்டின் விளிம்பில் சற்று வளைந்து இறங்கினாலும், உயர்ந்தவை அவ்வளவு வளைவதில்லை. அன்றியும், கோபுரத்தின் அனுப்பும் ஆற்றலோடு ஒப்பிட்டால் கைத்தொலைபேசியின் ஆற்றல் மிகச் சிறிதாகையால், ஆசிரியரின் குரல் வந்துசேரும் இடத்திலிருந்துகூட மாணவியின் பதில் திரும்பிச் செல்லாமல் போகலாம். அவள் வாய் திறக்கவில்லை என்று கருதுவது பெரும் அநீதி.

நேரமும் கவனிக்கத்தக்கது. ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டில், தாய் அதை மலைக்கு எடுத்துச் சென்று மாலையில் திரும்பும்போதுதான் பிள்ளைக்கு அது கிடைக்கும். எனவே அனைவரும் ஒரே வேளையில் இணையும் நேரலையைக் காட்டிலும், ஆசிரியர் காலையில் வாட்ஸ்அப்பில் இட்ட குரல்பதிவையும் பாடக் குறிப்பின் படத்தையும் இரவில் கேட்டுப் பார்த்து, ஐயத்தை மறுநாளைக்கு அனுப்பும் முறையே அங்கு மெய்யான வகுப்பாக அமையும்.

தோட்டக் கமிட்டி கூடிச் சம்பளப் பிரச்சினையில் முடிவெடுப்பது போன்ற கூட்டங்களுக்கு நேரலை வேண்டும். ஆனால் அங்கும் குரலே போதும். ஒருவர் பேச்சு மற்றவரை 150 மில்லிவிநாடிக்குள் சென்றடைவது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் 400 மில்லிவிநாடியைக் கடந்தால் ஒருவர் பேச்சின்மீது ஒருவர் பேசி விவாதம் குலைந்துவிடும். ஆகவே டேட்டாவே இல்லாமல் சாதாரண அழைப்பில் சிலரை இணைத்துப் பேசுவது பல வேளைகளில் காணொளியைவிட மேலானது.

காணொளி தன் செலவுக்குத் தகுந்த பயன் தரும் இடம் துக்க வீடு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் பிரிந்து, அங்கே கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழும் உறவினருக்கும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளுக்கும் இறந்தவரின் முகமே வேண்டும். மறுபேச்சு அவ்வளவாக வேண்டியதில்லை. இதற்கு இருவழிக் கூட்டத்தைவிட ஒருவழி நேரடி ஒளிபரப்பே ஏற்றது. அதில் பார்ப்போரின் கருவி சில விநாடிக் காட்சியை முன்னதாகச் சேமித்துக்கொள்வதால் சிக்னல் சற்றுத் தளர்ந்தாலும் படம் அறுவதில்லை. தோட்டத்திலிருந்து ஒரே ஒரு கைத்தொலைபேசி அனுப்பினால் போதும். பதிவைச் சேமித்து வைத்தால் வேலை முடிந்து வருபவர்களும் பின்னர் பார்க்கலாம்.