எஞ்சின் முன்னாலா, பின்னாலா? – ஸ்கோடா குடும்பக் கார்களின் கதை

காரின் எஞ்சின் எங்கே இருக்கும் என்று கேட்டால், ‘முன்னால்தான்’ என்பீர்கள். ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் குடும்பங்கள் ஏறிச் சென்ற ஸ்கோடா கார்களில், முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடமே இருந்தது! எஞ்சின் பின்னால் இருந்தது. அது ஏன் பின்னால் போயிற்று? மீண்டும் ஏன் முன்னால் வந்தது? இதில் சுவையான இயற்பியல் அடங்கியிருக்கிறது.

1895-ல் லௌரின், கிளெமென்ட் என்ற இருவர் ம்லடா போலெஸ்லாவ் என்ற ஊரில் சைக்கிள் தொழில் தொடங்கினர். 1899-ல் மோட்டார் சைக்கிளும், 1905-ல் காரும் செய்தனர். 1925-ல் இந்நிறுவனம் பில்சன் நகரின் ஸ்கோடா எந்திரத் தொழிற்சாலையுடன் இணைந்தது.

1934-ல் வந்த ‘பாப்புலர்’ என்ற சிறிய காரில், கனமான ஏணிச் சட்டத்துக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு எஃகுக் குழாய் முதுகெலும்பு போல அமைந்தது. எடை குறைந்தது, சக்கரங்கள் தனித்தனியே மேடு பள்ளங்களில் ஏறி இறங்கின. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழிற்சாலை அரசுடைமை ஆனது. 1959-ல் வந்த ‘ஆக்டேவியா’ வரையில் எஞ்சின் முன்னால். அதன் திறனை நீண்ட சுழல்தண்டு பின் சக்கரங்களுக்குக் கொண்டு சென்றது.

1964-ல் ‘1000 எம்.பி.’ வந்தது. (எம்.பி. என்பவை ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களே!) இதில் 988 கன செ.மீ. எஞ்சின் பின்னால் சென்றது. எஞ்சின், பற்சக்கரப் பெட்டி, இயங்கு சக்கரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் நீண்ட சுழல்தண்டு தேவைப்படவில்லை. பின் சக்கரங்களின்மேல் எடை அழுந்தியதால் மேடு ஏறும்போதும் பனியிலும் நல்ல பிடிப்புக் கிடைத்தது. எஞ்சினின் உடற்பகுதி, உருகிய அலுமினியத்தை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்பட்டது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பினது 7.8. பின்னால் தொங்கும் எஞ்சினின் எடையைக் குறைக்க இது எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால் வளைவுகளில்தான் இடர் வந்தது. அம்பை நினைவு கொள்ளுங்கள். கனமான முனை முன்னால், இறகு பின்னால். அதனால் அது நேராகப் பாய்கிறது. கனத்தைப் பின்னால் கட்டி எய்தால் அம்பு திரும்பிக்கொள்ளப் பார்க்கும். காரிலும் இப்படித்தான். 1,000 கிலோ கார் ஒன்றில் 600 கிலோ பின் சக்கரங்களின்மேல் அழுந்துவதாகக் கொள்வோம். வளைவில் திரும்பத் தேவையான மையநோக்கு விசையில் நூற்றுக்கு 60 பங்கைப் பின் டயர்களே உராய்வின் மூலம் தர வேண்டும். ஆனால் சுமை கூடும் அதே விகிதத்தில் டயரின் பிடிப்பு கூடுவதில்லை. எனவே வேகம் மிஞ்சினால் பின் டயர்களே முதலில் வழுக்கும். காரின் வால் வெளிப்புறமாக வீசும். அஞ்சிய ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், எடை முன்புறம் சாய்ந்து பின் டயர்களின் பிடிப்பு இன்னும் குறையும்! குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இது சிறிய குறையன்று.

பொறியியலாளர் இதை அறியாதவர் அல்லர். 1970-களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியுடன் சேர்ந்து முன்சக்கர இயக்கக் கார் உருவாக்கும் திட்டம் இருந்தது, அது கைவிடப்பட்டது. ஆகவே 1976-ல் வந்த 105, 120 வகைகளிலும் எஞ்சின் பின்னாலேயே இருந்தது. ரேடியேட்டரை மட்டும் முன்னால் கொண்டுவந்து, நீண்ட குழாய்களில் நீரைச் சுற்றவிட்டனர். 1984-ன் ‘130’ வகையில் பின் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பையும் திருத்தினர்.

முழுத் தீர்வு 1987-ல், ‘பேவரிட்’ காருடன் வந்தது. வடிவமைத்தது இத்தாலியின் பெர்ட்டோன் நிறுவனம். 1,289 கன செ.மீ. எஞ்சின் முன்னால் குறுக்காக அமர்ந்து முன் சக்கரங்களையே இயக்கியது. பிடிப்பும் கிடைத்தது, சுழல்தண்டும் தேவையில்லை, எடை முன்னால் இருந்ததால் அம்பைப் போல நேராகவும் ஓடியது.

1991-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் ஸ்கோடாவில் பங்கு கொண்டது. 2000-ல் முழு உரிமையும் பெற்றது. பேவரிட்டின் வழியில் 1994-ல் ‘பெலீசியா’ பிறந்தது; 1996-ல் ‘ஆக்டேவியா’ என்ற பழைய பெயர் புதிய காருக்குச் சூட்டப்பட்டது. வியப்பு என்னவெனில், 1964-ல் பிறந்த அந்த அலுமினிய எஞ்சினின் வழித்தோன்றல் 1999-ல் வந்த ‘பேபியா’வின் தொடக்க வகைகளிலும் உழைத்தது.

எஞ்சின் நல்லதுதான். அது இருந்த இடமே தொல்லை தந்தது. ஒரு பொருள் எப்படி இயங்கும் என்பதை அதன் நிறை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நிறை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.