எண்பது ரூபாய்க் கடனும் ஒரு கணக்கு நோட்டும்



குழுவில் கடன் வாங்கி அப்பளம், ஊறுகாய், சோப்புத்தூள் என்று ஏதாவது ஒரு தொழில் தொடங்குகிறோம். முதல் ஆறு மாதம் நல்லா ஓடும். அடுத்த வருடம் பார்த்தால் சல்லடை பரண் மேல் கிடக்கும். "வியாபாரம் சரியில்லீங்க" என்போம். உண்மையில் எது சரியில்லை?

மும்பைப் பெண்கள் செய்ததைப் பார்ப்போம். 1959-ம் ஆண்டு மார்ச் 15-ம் தேதி, கிர்காம் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் தேய்த்தார்கள். கையில் இருந்தது கடன் வாங்கிய 80 ரூபாய். அன்று போட்டது நான்கே பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று அதில் சுமார் 45,000 பெண்கள் உறுப்பினர்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர்கள் நிலைத்து நின்றது எப்படி?

1. நஷ்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள்.

2. முதலில் விலை குறைந்த இரண்டாம் ரகமும் போட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக் என்ற பெரியவர், ஒரே தரம் போதும், அதில் குறை வைக்கக் கூடாது என்றார். கணக்கை ஒழுங்காக எழுதவும் சொன்னார்.

3. முதல் வருட மழையில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த வருடம் கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் வேலை நடந்தது.

இதில் நாம் கோட்டை விடுவது பெரும்பாலும் கணக்கில்தான். 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 1,500 ரூபாய்க்கு விற்றால், லாபம் 500 என்று சந்தோஷப்படுகிறோம். பஸ் செலவு 60, கவர், லேபிள் 90, நம் கூலி 250. இதெல்லாம் போக மிச்சம் 100தான்! "நம்ம வேலைதானே, கூலி எதுக்கு?" என்று விடக் கூடாது. நமக்கு முடியாத நாளில் வேறு ஆள் வைத்தால் கொடுத்துத்தானே ஆகணும்? கூலியை வீட்டுக்கு எடுப்போம். அந்த 100 ரூபாய் தொழிலிலேயே இருக்கட்டும். 500-ஐயும் வீட்டுக்கு எடுத்தால், செலவான 150 ரூபாய் நம் முதலில் கரைந்துவிடும். இப்படி ஏழு தடவை நடந்தால் 1,000 ரூபாய் முதலே காலி.

பிள்ளைக்கு ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் தொழில் பணத்தில் கை போவது சகஜம்தான். அதற்குத்தான் குழுவில் உள்கடன் இருக்கிறது. அதை வாங்குவோம், முதலைத் தொட வேண்டாம்.

இன்றே இரண்டு டப்பா வைப்போம்: வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம். அடுத்த குழுக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோடு தொழில் நோட்டையும் கொண்டு வாங்க. எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்!