துணை விலங்கைக் காத்தல்

ஆடுபுலி ஆட்டத்திலே புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்குப் பாய்ந்து வெட்டும் ஆற்றல் இல்லை. பட்ட அடியைத் திருப்பித் தரும் வழியும் இல்லை. தனக்குப் பின்னால் உள்ள புள்ளி வெறுமையாயிருந்தால் அது வெட்டுண்டு போகும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் பிழைத்துக்கொள்ளும். மெலிந்த காயைக் காப்பது அது நிற்கும் இடமே என்பதைத் திண்ணையிற் கோடு கீறி விளையாடிய நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதே உண்மை, அரை நூற்றாண்டாக உலகெங்கும் பரவிவரும் வேறொரு வகை ஆட்டத்தில் வேறொரு கோலங் கொண்டு நிற்கின்றது. அவ்வாட்டத்தைப் பற்றியும், அதில் வரும் துணை விலங்கு என்னும் மெல்லுயிரைப் பற்றியும் இம்மலரிற் சிறிது எழுத எண்ணினோம். இன்றைய மாணவருட் சிலர் இதனை நன்கு அறிவர். பழைய மாணவர் பலர் அதன் பெயரையும் கேட்டிரார். ஆதலின் அடியிலிருந்தே தொடங்குகின்றோம், அறிந்தவர் பொறுத்தருள்க.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். நிலவறைகளும் பறவை நாகங்களும் என்று அப்பெயருக்குப் பொருள் கூறலாம். இதற்குப் பலகை கட்டாயமன்று. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடத்துநர், கதையின் களத்தையும் பகைவரையும் அவரே சொல்லிச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வனங்காவலர். ‘கதவைத் திறக்கின்றேன்’ என்று வாயாற் சொல்வதே செயல். அச்செயல் கைகூடுமோ கூடாதோ என்பதைப் பகடை தீர்க்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் என ஓர் எண் உண்டு. அடிபடுந்தோறும் அது குறையும்; பூச்சியத்தை அடைந்தால் வீழ்ச்சி. நம்மூர்க் கூத்தும் தாயமும் ஒன்றாய்க் கலந்த ஆட்டம் என்று கூறினால் பெரும்பிழை ஆகாது.

இவ்வாட்டத்திலே மந்திரவாதிக்கு ஓர் ஏவற்பிராணி கிடைக்கும். வனங்காவலருக்கும் வனமுனிவருக்கும் துணை விலங்கு கிடைக்கும். தமிழருக்கு இக்கருத்துப் புதிதன்று. பாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்திலே மனைவியும் தம்பியரும் வழியில் ஒவ்வொருவராய் வீழ, தருமரோடு இறுதிவரை நடந்தது ஒரு நாய். அந்நாயை விட்டுவிட்டு வந்தாற் தேரேறலாம் என்று இந்திரன் கூறியபோது தருமர் மறுத்தார். துணையாய் வந்த உயிரைக் கைவிடலாமோ என்ற அவ்வினாவே இம்மேசை ஆட்டத்திலும் மாலைதோறும் எழுகின்றது. வேறுபாடு ஒன்று: தருமரின் நாய்க்கு உயிர்ப்புள்ளிக் கணக்கு இருந்ததில்லை.

அக்கணக்கை நோக்குவோம். 1978இல் வெளிவந்த விதிநூலின்படி மந்திரவாதி கரியும் மூலிகையும் எரித்து மந்திரஞ் சொன்னால், பகடை காட்டும் வழியே கரும்பூனையோ, காகமோ, பருந்தோ, ஆந்தையோ, தேரையோ, மரநாயை ஒத்த சிறு விலங்கோ வந்து சேரும். அதன் உயிர்ப்புள்ளி 2 முதல் 4 வரை மட்டுமே. வாளின் ஒரு வீச்சு 8 வரை பறிக்கக்கூடிய உலகிலே 3 புள்ளி கொண்ட பூனையின் நிலையை வாசகர் ஊகித்துக்கொள்வர். அருகில் இருக்கும்வரை அதன் புள்ளிகள் மந்திரவாதியின் புள்ளிகளோடு சேரும் என்பது ஆறுதல். அது இறந்தாலோ, அதன் புள்ளிகளைப்போல் இரு மடங்கை அவர் என்றென்றைக்கும் இழப்பார். 3 புள்ளிப் பூனை மாண்டால் 6 புள்ளி போயிற்று. தொடக்கநிலை மந்திரவாதிக்கு மொத்தமே 4 புள்ளிக்கு மேல் அரிதாகையால், பூனையின் சாவு அவர் சாவாகவும் முடியலாம்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இதனைச் சற்றுத் தளர்த்தியது. ஏவற்பிராணிக்குத் தலைவனின் உயிர்ப்புள்ளியிற் பாதி உண்டு என்றாயிற்று. அது மாண்டால், தலைவன் படிநிலை ஒன்றுக்கு 200 வீதம் அனுபவப் புள்ளிகளை இழப்பான்; பகடை கைகொடுத்தால் அவ்விழப்புப் பாதியாகும். வேறொரு பிராணியை உடனே தேடிக்கொள்ளவும் முடியாது. ஓராண்டும் ஒரு நாளும் கழிய வேண்டும். இவ்விதியை எழுதியவர் துக்கம் என்பது இன்னதென்று அறிந்தவராதல் வேண்டும் என்று நாம் எண்ணுவதுண்டு.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ நிலைமை தலைகீழாயிற்று. ஏவற்பிராணி ஓர் ஆவி. விலங்கின் வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. உயிர்ப்புள்ளி தீர்ந்தால் உடல் இராமல் மறைந்துவிடும். 10 பொற்காசு விலையுள்ள பொருள்களை எரித்து ஒரு மணி நேரம் மந்திரஞ் சொன்னால் திரும்பவும் வரும். விளைவு யாது? பொறி வைத்த அறையென்று ஐயம் எழுந்தால் ஆந்தையை முன்னே அனுப்புவது வழக்கமாயிற்று. அம்பு பாய்ந்தால் ஆந்தை மறையும். பத்துப் பொற்காசு போயிற்று என்று கணக்கெழுதிவிட்டு நடப்பர். எமக்கு இது உவப்பாக இல்லை. சாக இயலாத துணையைக் காக்க வேண்டிய கடமையும் எவர்க்கும் இல்லை. அது துணை என்ற நிலையினின்று இறங்கிக் கைவிளக்குப்போல் ஒரு கருவியாகிவிடுகின்றது. ஆயினும் விதியை மாற்றியவர்மீது முழுப்பழியையும் சுமத்தல் நேர்மையன்று. முந்திய கடுவிதிகளுக்கு அஞ்சிய ஆட்டக்காரர் பலர் தம் பிராணியைப் பைக்குள்ளோ வீட்டிலோ விட்டுவிட்டு, அஃது இருப்பதையே மறந்து ஆடினர். அவ்வாறு காக்கப்பட்ட பூனை உயிரோடிருந்தது உண்மை. கதையில் இருந்ததோ எனின், இல்லை.

வனங்காவலரின் ஓநாய்க்கு இத்தகைய மறைவு கிடையாது. அதற்கு நேர்வது மெய்யான சாவு. 2014ஆம் ஆண்டு விதிப்படி அதன் உயிர்ப்புள்ளி, அவ்விலங்குக்கு இயல்பாய் உள்ளது அல்லது காவலரின் படிநிலையைப்போல் நான்கு மடங்கு, இவற்றுட் பெரியது. ஐந்தாம் படிநிலையில் 20 ஆகின்றது. அப்படிநிலையிலேதான் தீக்கோள மந்திரம் களத்துக்கு வருகின்றது. அதன் தாக்கம் அறுமுகப் பகடை எட்டின் கூட்டுத்தொகை, சராசரி 28. விலகித் தப்ப முயன்று வென்றாலும் பாதி, அதாவது 14, பட்டே தீரும். எனவே 20 புள்ளி ஓநாய் வென்றால் 6 புள்ளியோடு தள்ளாடும், தோற்றால் மாளும். தீக்கோளம் ஒன்று வெடித்தவுடன் காவலர் எட்டு மணி நேரம் செலவழித்து வேறோர் ஓநாயைப் பழக்க வேண்டியதாயிற்று. இக்குறை பரவலாய்ப் பேசப்பட்டது. 2020இல் வெளிவந்த துணைநூல் ஒன்று மாற்று விதியைத் தந்தது: நிலவிலங்குக்கு உயிர்ப்புள்ளி 5, அதனோடு படிநிலை ஒன்றுக்கு 5 வீதம். ஐந்தாம் படிநிலையில் 30. அதே தீக்கோளம் சராசரியாய் 28 பறித்தாலும் 2 புள்ளி எஞ்சும். அந்த இரண்டு புள்ளியிலேதான் ஓநாய் காவலரின் காலடிக்கு ஓடிவரும் காட்சி அடங்கியிருக்கின்றது. இறந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு, மந்திர ஆற்றலிற் சிறிது செலவிட்டால் மீட்கலாம் என்றும் அந்நூல் கூறுகின்றது.

இனி, காக்கும் முறைகள். முதலாவது ஆடுபுலி ஆட்டம் கற்பித்த இடமறிதல். தீக்கோளத்தின் வீச்சு 20 அடி ஆரம். ஒரு புள்ளி உயிரே உடைய ஆந்தைக்கு, விலகித் தப்புவதிற் பெறும் வெற்றி எவ்வித நன்மையும் செய்யாது. 14 பட்டாலும் சாவுதான், 28 பட்டாலும் சாவுதான். ஆகவே தூரம் ஒன்றே கவசம். துணைவிலங்கைத் தலைவனின் தோளோடு ஒட்டி வைத்திருத்தல் அன்பின் அடையாளம்போல் தோன்றும். ஆனாற் பகைவர் குறிவைப்பது தலைவனையே ஆதலால், அத்தோளே களத்திற் கேடு மிக்க இடம். ஆந்தை போன்ற பறவை பகைவனின் எல்லைக்குட் பறந்து வந்து, அவன் கவனத்தைக் கலைத்து, எதிரடி வாங்காமலே மீளும் இயல்புடையது. கலைத்தபின் தூணுக்குப் பின்னாலோ, உயரத்திலோ போய்விட வேண்டும். வேவு பார்க்கவும் செய்தி கொண்டு செல்லவும் பிறந்த உயிரை முன்னணியில் நிறுத்திப் போரிடச் செய்தலே சாவுகளுக்குப் பெருங்காரணம் என்பது எம் துணிபு.

இரண்டாவது, முன்னேற்பாடு. மந்திரவாதிகள் தமக்கென்று வைத்திருக்கும் காப்பு மந்திரத்தைப் பிராணிக்கும் இடலாம். எட்டு மணி நேரம் நிற்கும். குருக்களின் உதவி மந்திரம் மூவருக்கு உயிர்ப்புள்ளி ஐந்தைந்து கூட்டும். மூவருள் ஒருவராக ஆந்தையைச் சேர்த்தால் அதன் 1 புள்ளி 6 ஆகும். வீரன் ஒருவனுக்கு ஐந்து புள்ளி பெரிதன்று. ஆந்தைக்கோ அது ஆறு மடங்கு வாழ்வு. எனினும் குழுவினர் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. ‘பறவைக்கா வீணாக்குவது?’ என்பர். அவ்விடத்திற் பறவையின் தலைவன் பேசி வெல்ல வேண்டும். இன்னொன்று காவற் பிணைப்பு என்னும் மந்திரம். பிணைக்கப்பட்ட உயிருக்கு வரும் தாக்கம் பாதியாகும். அவ்வுயிர் பெறும் தாக்கம் எவ்வளவோ அவ்வளவு மந்திரஞ் சொன்னவரையும் தாக்கும். ஓநாயின் காயத்தைத் தன் மெய்யிலும் ஏற்பவரைக் காணும்போது மேசையில் ஒரு கணம் பேச்சு அடங்கும்.

மூன்றாவது, பின்வாங்குதல். விலங்கின் உயிர்ப்புள்ளி பாதியாய்க் குறைந்தவுடன் அதனை விலக்கிவிட வேண்டும் என்று முன்னரே உறுதி செய்துகொள்வது நலம். போர் முற்றியபின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘இன்னும் ஓரடி மட்டும்’ என்றே இருக்கும்.

கணினியில் ஆடும் ஆட்டங்களிலும் இவ்வழக்கு உண்டு. 1987இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் ‘நெற்ஹக்’ என்பதில், ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒரு நாய்க்குட்டியோடோ பூனைக்குட்டியோடோ நிலவறைக்குள் இறங்குவார். நாய்க்குட்டி நாளடைவில் வளர்ந்து பெரிய நாயாகும். படியிறங்கும்போது அது பக்கத்திலே நின்றால் மட்டும் கூட வரும். இல்லையேல் மேல்தளத்திற் பிரிந்துவிடும். நெடுநாட் பிரிந்த விலங்கு பழக்கத்தை மறந்து பகையாகவும் மாறலாம். சபிக்கப்பட்ட பொருளின்மீது அது தயங்கித் தயங்கியே அடிவைக்கும்; அத்தயக்கத்தைக் கண்டு தலைவன் பொருளின் தன்மையை அறிவான். காக்கப்படும் உயிரே காப்பதாகவும் ஆகும் இவ்வமைப்பை எழுதியவர் பாராட்டுக்குரியவர். பார்வைக்கு அப்பால் அது மாண்டால், திரையிலே ஒரு துயர உணர்வு தோன்றி மறைந்ததாக ஒரு வரி மட்டும் வரும். அவ்வரியைக் கண்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்தவரும் உளர். தன் கையாலேயே அதனைக் கொன்றுவிட்டாலோ, ஆட்டம் அவரைக் கொலைஞர் என்று பழித்து, நல்லூழையும் குறைத்துவிடும்.

பிள்ளையைக் காத்த கீரியை ஆராயாது கொன்ற பார்ப்பனியின் கதை இங்கே நினைவுக்கு வருகின்றது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே, கணவன் பிரிந்து செல்ல அல்லலுற்ற அப்பெண்ணின் பழி நீங்கப் பொருள் உதவியவன் கோவலன் என்று மாடலன் எடுத்துரைக்கின்றான். துணை விலங்கைக் கொன்ற பழிக்குக் கழுவாய் உண்டோ என்று நம் இலக்கியமும் எண்ணிப் பார்த்திருக்கின்றது.

மாத்தளையில் இருந்து ஆடும் இளைஞர்க்கு ஒரு சொல். மேலைநாட்டு விதிநூலிலே ஓநாயும் ஆந்தையும் இருப்பதனால் நாமும் அவற்றையே கொள்ள வேண்டும் என்பதில்லை. நடத்துநர் இணங்கினால், நக்கிள்ஸ் மலைக்காட்டுத் தேவாங்கையோ, வேலியோரக் கீரியையோ துணையாகக் கொள்ளலாம். இரவில் விழித்திருக்கும் தேவாங்கைவிடச் சிறந்த வேவுகாரர் எவர்? ஆனால் அது மேசையின்மீது மட்டுமே. மெய்யான தேவாங்கு, 1937ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படும் உயிர். பிடித்து வளர்த்தல் குற்றம். 

ஆட்டந் தொடங்குமுன் நடத்துநரிடம் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு. மனிதப் பாத்திரம் உயிர்ப்புள்ளி பூச்சியமானவுடன் இறப்பதில்லை. மும்முறை பகடை தேறினாற் பிழைக்கும், மும்முறை தவறினால் மாளும். விலங்குக்கு இவ்வாய்ப்பைப் பெரும்பாலான நடத்துநர் அளிப்பதில்லை. பூச்சியம் என்றால் அக்கணமே முடிவு. எம் துணை விலங்குக்கும் அம்மூன்று பகடைகளைத் தருவீரோ என்று முதல் நாளே கேட்டு, விடையை யாவரும் அறிய எழுதிவைத்துக்கொள்க. ஓநாய் வீழ்ந்துகிடக்கும் வேளையில் அதனைப் பற்றி வாதாடத் தொடங்கினால், பகடையை எடுக்கவும் எவர்க்கும் மனம் வராது.