‘ஏன் முறைக்கிறே?’ என்று கேட்கிறார்களா? தைராய்டையும் பாருங்கள்!

‘ஏம்மா, சும்மா பார்த்தாலே முறைக்கிற மாதிரி இருக்கு?’ என்று வீட்டில் யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். கண்ணாடி முன் நின்று நேராகப் பாருங்கள். வழக்கமாக மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மூடியிருக்கும். இமை மேலேறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு அடையாளம், மெதுவாகக் கீழே பார்க்கும்போது விழியோடு சேர்ந்து இறங்காமல் இமை பின்தங்குவது. கண் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை வீங்கியிருக்கும். கூடுவாஞ்சேரியில் இருப்பவர்கள் இதை ஜி.எஸ்.டி ரோட்டுத் தூசி என்று நினைத்து, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி நாளைக் கடத்திவிட வாய்ப்பு அதிகம்!

தைராய்டு என்றாலே உடம்பு போடும் என்றுதான் நமக்குத் தெரியும். இது பெரும்பாலும் அதற்கு நேரெதிர். 1835-ல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்ததால் ‘கிரேவ்ஸ் நோய்’ என்று பெயர். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும். எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிட்டு, கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கும். சுற்றிலும் எலும்பு, வீக்கத்துக்கு இடமில்லை. அதனால் விழி முன்னே தள்ளப்படுகிறது. அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ், அவர் மனைவி பார்பரா இருவருக்குமே இந்த நோய் வந்தது. பார்பராவுக்குக் கண்ணும் பாதிக்கப்பட்டது.

போனில் இரண்டு, மூன்று வருடங்களுக்கு முந்தைய போட்டோ இருக்குமே, அதை டாக்டரிடம் காட்டுங்கள். கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அது சட்டென்று சொல்லிவிடும். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் சிலருக்குக் கண்ணில் பாதிப்பு இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

நிறங்கள் மங்கினால், பார்வை குறைந்தால், தூங்கும்போது கண் முழுசாக மூடாமல் வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால், ஒரு பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மறுபக்கம், 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்தக் கண் பாதிப்பு கூடுதலாக வருகிறது, வந்தால் கடுமையாகவும் இருக்கிறது. பெண்களுக்கே அதிகம் வந்தாலும், ஆண்களுக்கு வந்தால் தீவிரம் ஜாஸ்தி. தைராய்டுக்கு ரேடியோ அயோடின் சிகிச்சை என்று சொன்னால், கண்ணில் தொந்தரவு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அதனால் கண் பாதிப்பு கூடலாம். தலைக்கு இன்னொரு தலையணை வைத்துப் படுத்தால் காலை வீக்கம் கொஞ்சம் குறையும். பிதுங்கிய விழியைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை, பார்வைக்கு ஆபத்து இல்லாதவரை, நோய் அடங்கிய பிறகுதான் செய்வார்கள்.