மயக்க ஊசி போட்டால் எழுந்திருப்போமா? அறுவை சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை

ஈப்போ: வீட்டுப் பெரியவருக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால், கத்தியைவிட மயக்க ஊசியைப் பற்றிய பயமே முதலில் வந்து நிற்கிறது. ஊசி போட்டால் எழுந்திருப்போமா, முதுகில் குத்தினால் ஆயுசுக்கும் இடுப்பு வலியா என்பவை சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்குப் பழகிப்போன கேள்விகள்.

ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. டிரெசரிடம் மருந்து வாங்கிய காலமும் போய்விட்டது. அங்கே பால் மரம் வெட்டியவர்கள் இன்று முதிய வயதில், இனிப்பு நீரால் புண்ணான காலுடனும் தேய்ந்த முட்டியுடனும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். பயந்து தேதியைத் தள்ளிப்போட்டால் கால் புண் காத்திருக்காது. ஒரு விரலோடு முடிய வேண்டியது முழங்கால்வரை போய்விடக்கூடும்.

1846 அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியின்றி அறுவை செய்ய முடியும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். அதற்கு முன் நோயாளியைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று ஒரே மருந்து எல்லா வேலையையும் செய்வதில்லை. நினைவை அடக்க ஒன்று, வலியை அடக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த இன்னொன்று எனப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நினைவை அடக்கப் பரவலாகப் பயன்படும் புரோபோஃபால், பால் போல வெள்ளையாக இருக்கும். நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு மங்கும். மூளை அணுக்களை அமைதிப்படுத்தும் இயற்கையான ஒரு தடுப்பு மூளையிலேயே இருக்கிறது. இம்மருந்து அந்தத் தடுப்பை வலுவாக்குகிறது. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைகிறது. இது சாதாரணத் தூக்கமன்று. தட்டி எழுப்பினால் விழிப்பு வராது.

அப்படியானால் எப்படி எழுகிறோம்? ஒரே ஊசியில் மூன்று மணி நேர மயக்கத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. முதல் ஊசியின் வேகம் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடும். அதன்பின் சுவாசத்தில் வாயுவாகவோ நரம்பில் சொட்டு சொட்டாகவோ மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். அறுவை முடிந்ததும் அதை நிறுத்துவார்கள். வாயு மூச்சோடு வெளியேறும். மற்றதை உடல் சிறிது சிறிதாகக் கழிக்கும். அதுவரை மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் மூச்சு, இருதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், பிராணவாயு அளவு ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார். உடல்நலமுள்ள ஒருவர் மயக்க மருந்தால் மட்டுமே இறப்பது மிகவும் அரிது.

முதுகு ஊசி தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே போடப்படுகிறது. இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும். குத்திய இடத்தில் சில நாள்கள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும், அதைச் சொன்னால் சிகிச்சை உண்டு. ஆயுசுக்கும் இடுப்பு வலி வரும் என்ற பயத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

உண்மையில் ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் வீட்டில் நடக்கும் காரியங்கள்தான். முதலாவது, வெறும் வயிற்றோடு போகிறாரே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு வாய் தே தாரிக். மயக்கத்தில் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகச் சோறு, ரொட்டி போன்றவற்றை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குத்தான். தண்ணீர், பால் சேர்க்காத கோப்பி ஓ போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி போதும். ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்களின் வயிறு மெதுவாகவே காலியாகலாம். ஆகவே, மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதியானது.

இரண்டாவது, மறைப்பது. பல வருடங்களாகச் சம்சு, பீர் குடித்தவருக்கு மருந்தின் அளவு மாறலாம். அறுவைக்குப் பிறகு திடீரெனக் குடி நின்றுபோவதால் நடுக்கமும் குழப்பமும் வரலாம். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, இனிப்பு நீர் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. சிலவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். சிலவற்றை நிறுத்தவே கூடாது. அதை வீட்டில் முடிவு செய்ய முடியாது.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்ற கேள்வியும் சடங்குக்குக் கேட்பதன்று. தசையைத் தளர்த்தும் ஒருவகை மருந்து வழக்கமாகச் சில நிமிடங்களில் கழிந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குப் பல மணி நேரம் நீடிக்கும். அதுவரை இயந்திரத்தின் உதவியோடுதான் மூச்சுவிட வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்துவந்த ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இக்குறைபாட்டுக்கான மரபணு மாற்றம் இருப்பதைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முன்பே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடலாம்.

அறுவை முடிந்த ஓரிரு நாளில் சில முதியவர்கள் இறந்துபோனவர்களோடு பேசுவார்கள், இல்லாததைக் காண்பார்கள். காற்று கருப்பு என்று பயப்பட வேண்டாம். அறுவையின் தாக்கம், வலி, கிருமித் தொற்று, தூக்கமின்மை, மருந்து எனப் பல காரணங்களால் வரும் மனக்குழப்பம் இது. உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் திருப்பிக் கொடுத்து, பழகிய குரல் பக்கத்தில் இருந்தால் பலருக்கும் சில நாள்களில் தெளிந்துவிடும்.

பாரத்தில் கையெழுத்திடும் முன், மலாயோ ஆங்கிலமோ புரியாத பெரியவருக்குத் தமிழில் விளக்க ஒருவர் கூட இருப்பது அவசியம். மருத்துவர் கேட்பதை அப்படியே சொல்லி, பெரியவர் சொல்வதையும் விடாமல் சொல்ல வேண்டும். ஆடும் பல், கட்டுப்பல், ஒவ்வாமை, குறட்டை, சிகரெட், அன்று காலை வாயில் போட்டது எதுவானாலும், சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடக் கூடாது.